பீரங்கிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

சோலையம்மாள் என்ற பேர் அனுசுயாவின் காதில் முதன்முதலாக விழுந்தது, அவளைப் பெண் கேட்டு வந்துவிட்டுப் போன அன்று சாயங்காலம். வலையபட்டியில் அவள் பிறந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பேர் குழந்தைவேலு. ஊர் செங்கண்மாய்ப்பட்டி. மூன்று ஏக்கர் நஞ்சை, ஒரு ஜோடி மாடு. மாமனார் மாமியார் காலமாகிவிட்டார்கள்.

"ஒரே ஒரு அக்கா இருக்கு. சோலையம்மாள்னு பேரு," என்றார் மாமன்.

"கட்டிக்குடுத்தாச்சா?" என்று கேட்டாள் அனுசுயாவின் அம்மா.

"கட்டிக்குடுத்துத் திரும்பி வந்திருச்சு. தப்பா நெனச்சுக்காதக்கா, அந்தப் பிள்ளைகிட்ட ஒரு கொறையும் இல்ல. பீரங்கிக்குத் தண்ணி ஊத்தணும்னு வந்திருச்சு."

அடுப்படியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பத்தொன்பது வயது அனுசுயாவும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமன் சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குச் சொல்லலை. போய்ப் பாருங்க," என்றார்.

வாழ்க்கைப்பட்டுப் போய் நாலாம் நாளே அனுசுயா பார்த்துவிட்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாகச் சோலையம்மாள் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகக் கண்மாய்க் கரைக்குப் போனாள். அங்கே அய்யனார் கோயிலுக்கு வடபுறம் செம்புறாங்கல் மேடை ஒன்று. அதன் மேல் நாலரை அடி நீளத்துக்கு ஓர் இரும்புப் பீரங்கி, பின்பக்கம் கல்லில் பதிந்து, வாயை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. பின்பக்கத்தில் சுண்டுவிரல் கூட நுழையாத ஓர் ஓட்டை. அதற்குப் பேர் காது. அந்தக் காலத்தில் அதில்தான் நெருப்பு வைப்பார்களாம்.

சோலையம்மாள் பீரங்கியின் வாயில் தண்ணீரை ஊற்றினாள். சளசளவென்று ஊற்றவில்லை. குழந்தைக்குப் பால் புகட்டுவதைப் போல, கொஞ்சம் ஊற்றி, நிறுத்தி, உள்ளே இறங்குகிற வரைக்கும் காத்திருந்து, மறுபடி ஊற்றினாள். ஒரு குடம் இறங்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கடைசியில் காதுப்பக்கம் ஈரம் பூத்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு சந்தனம் வைத்து, சூடத்தைத் தள்ளி வைத்துக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

"எதுக்கு மதினி இது?" என்று வரும் வழியில் கேட்டாள் அனுசுயா.

"குதிரைகளுக்குத் தாகம்," என்றாள் சோலையம்மாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஊரில் எல்லோரும் சொன்னதும் அதேதான். கும்பினிக்காரன் படை காளையார்கோவில் பக்கம் போனபோது இந்தப் பீரங்கியை ஆறு குதிரைகள் இழுத்து வந்தனவாம். நல்ல அடைமழை. கண்மாய் உள்வாயில் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துபோனது. ஆறு குதிரையும் இழுத்து இழுத்து, சேற்றிலேயே விழுந்து செத்தன. படைக்காரர்கள் வார்களை அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் வற்றிய பிறகு சோலையம்மாளின் பாட்டனுக்குப் பாட்டன் மாடு கட்டி இழுத்துக் கரையேற்றினாராம். செத்த குதிரைகள் ஊரைச் சும்மா விடாது என்று பயந்து, அன்றிலிருந்து, அய்யனாருக்கு மண்குதிரை சுமந்துபோய் வைக்கிற புரவி எடுப்பில் இந்த ஊர் மட்டும் ஆறு குதிரை எடுக்கிறது. இரண்டு இரண்டாக, மூன்று ஜோடி. அதிலும் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்கக் குதிரையின் மேல் மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். வலப்பக்கக் குதிரை வெறும் முதுகோடு நிற்கும். ஏன் என்று கேட்டால் குதிரை செய்கிற வேளாரும் சொல்லமாட்டார், ஊர் அம்பலமும் சொல்லமாட்டார். அப்படித்தான் செய்யணும் என்பார்கள்.

தண்ணீர் ஊற்றுகிற உரிமை அந்த வீட்டுக்கு உண்டு. சோலையம்மாளின் அய்யா சாகக் கிடந்தபோது அவளுக்கு வயது பதினாலு, தம்பி குழந்தைவேலுவுக்கு ஏழு. அய்யா மகளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ சொன்னார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவள்தான் ஊற்றினாள்.

இருபத்திரண்டு வயதில் அவளைத் திருக்கோஷ்டியூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனுசன், குடி கிடையாது, கை நீட்டமாட்டார். ஆனால் வாராவாரம் வியாழக்கிழமை மத்தியானம் ஆனால் சோலையம்மாள் பஸ் ஏறிவிடுவாள். சனிக்கிழமைதான் திரும்புவாள். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவர் கேட்டேவிட்டார்: "பீரங்கியா, நானா?" அவள் ரொம்ப நேரம் யோசித்தாளாம். யோசித்ததுதான் அவருக்குக் கோபம். பெட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து அவரே அவள் பிறந்த வீட்டில் வைத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஊரில் இதை வைத்து எத்தனையோ கேலி. "சோலையம்மா புருசனுக்கு இரும்பு உடம்பு" என்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். ராமேஸ்வரம் பார்த்ததில்லை, பழனி பார்த்ததில்லை. பக்கத்து ஊர்க் கல்யாணமே ஆனாலும் வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் மொய் மட்டும் போகும்.

இதையெல்லாம் அனுசுயா பொறுத்துக்கொண்டாள். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆதித்தன் பிறந்தபோது நடந்தது அது. கல்யாணமாகிப் பதினைந்து வருசம் கழித்துத் தரித்த பிள்ளை. காரைக்குடி ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ராத்திரியே வலி எடுத்துவிட்டது. சோலையம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இடுப்பை நீவி விட்டுக்கொண்டிருந்தாள். விடிகாலை நாலு மணி பஸ் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள். "போயிட்டு ஓடியாந்திருறேன்த்தா," என்றாள். அனுசுயா அவள் கையைப் பிடித்து, "போகாதீக மதினி, இன்னைக்கு ஒரு நாள்," என்று அழுதாள். சோலையம்மாள் விரல் விரலாகப் பிரித்துவிட்டுப் போனாள். பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது பிள்ளை பிறந்து தொட்டிலில் கிடந்தது.

முப்பத்துநாலு வருசம் அந்தக் கோபம் அனுசுயாவின் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது. சேர்ந்துதான் ஆக்கினார்கள், சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். குழந்தைவேலு இறந்துபோன பிறகு இரண்டு பேரும் ஒரே அறையில்தான் படுத்தார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை விடியலில் குடம் தட்டுப்படுகிற சத்தம் கேட்டால் அனுசுயா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இந்த வருசம் புரவி எடுப்புக்குக் கமிட்டித் தலைவர் வீரபாண்டியன். குழந்தைவேலுவுக்குப் பங்காளி, சிவகங்கையில் சிமெண்டு ஏஜென்சி வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ஆறு மோதிரம். போன வருசம் பீரங்கிக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தவரும் அவர்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து விசயத்தைச் சொன்னார்.

"அக்கா, இந்தத் தடவை மண்குதிரையோட சேத்து நெசக் குதிரையும் வருது. ஆறு! பீரங்கிக்குச் சக்கரம் மாட்டி, அந்தக் காலத்துல வந்த மாதிரியே இழுத்துட்டு வரப்போறோம். நம்ம ஆதித்தன் பட்டறையிலதான் வண்டி ரெடியாகுது."

"பீரங்கிய எடத்தை விட்டு எடுக்கக்கூடாது தம்பி," என்றாள் சோலையம்மாள்.

"எந்தச் சாமியக்கா எடத்தை விட்டு எடுக்காம இருக்கு? எல்லாச் சாமியும் தேருல வரலையா?"

"இது படுக்கக்கூடாது. வாய் மேல பாத்துத்தான் இருக்கணும். வெள்ளிக்கெழமை தண்ணி ஊத்தணும்."

"ஊத்துங்க, ஊத்துங்க. பட்டறையில வந்து ஊத்துங்க. வேணும்னா கேன் தண்ணி நான் வாங்கித் தர்றேன்," என்று சிரித்துக்கொண்டே எழுந்துபோனார்.

கிரேன் வந்து பீரங்கியைத் தூக்கிப் போய், பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஆதித்தனின் லேத் பட்டறையில், தகரக் கொட்டகைக்குக் கீழே படுக்க வைத்தது. முதல் வெள்ளிக்கிழமை சோலையம்மாள் குடத்தோடு போய் நின்றாள். ஆதித்தன் ஓடி வந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தான். "அத்தே, சுத்தி கரண்டு வயரா கெடக்கு. இங்கன தண்ணி ஊத்துனா நீங்க போயிருவீக, நானும் போயிருவேன். இன்னும் மூணு வாரம்தான். மேடைக்குத் திரும்பிப் போனதும் மூணு வாரத்துக்கும் சேத்து ஊத்துங்க," என்றான். கரண்டு என்றதும் சோலையம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. திரும்பிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. வைகாசி வெயில். தகரத்துக்குக் கீழே பீரங்கியைத் தொட்டால் கை பொத்துப்போகும், அப்படிச் சூடு.

குதிரைகளுக்கு வலையபட்டி சத்தியமூர்த்தியைப் பிடித்திருந்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுகிறவர். அதற்கு முன்னால் பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருசம் இருந்தவர். மலையில் பீரங்கி சுமக்கிற கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டவர். அனுசுயாவுக்கு ஒரு வகையில் சித்தப்பா மகன். வார் அளவெடுக்க வந்தவர் கோயிலில் பழைய மண்குதிரைகளைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றுவிட்டார்.

"இதை யாரு இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

"அது வழக்கம்," என்றாள் கூட வந்திருந்த அனுசுயா.

"வழக்கம்தான் அக்கா. பட்டாளத்து வழக்கம். பீரங்கி இழுக்கிற குதிரைக்கு வண்டிக்காரன் கெடையாது. எடப்பக்கக் குதிரை மேல ஆள் ஏறி உக்காந்து, வலப்பக்கக் குதிரையைக் கையில பிடிச்சு ஓட்டுவான். மூணு ஜோடிக்கு மூணு ஆளு. இதை நேருல பாத்தவன்தான் மொதக் குதிரையச் செஞ்சிருக்கான்." அவர் ஒரு மண்குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். "கண்ணால பாத்ததை ஒண்ணு விடாம வச்சிருக்கீக."

அனுசுயா இதை வீட்டில் வந்து சொன்னபோது சோலையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

புரவி எடுப்புக்கு ஐந்து நாள் இருந்தது. புதன்கிழமை. ஆதித்தன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டான்.

"மெதுவாத் தின்னுடா. பீரங்கி எங்க ஓடிப்போகுது?" என்றாள் அனுசுயா.

"அதுல ஒரு தொல்லைம்மா. அத்தைகிட்டச் சொல்லிராதீக. கண்மாய்க் கரையில வந்து நிக்கும்போது கொஞ்சமா வெடிமருந்து போட்டு ஒரு சத்தம் குடுக்கணும்னு வீரபாண்டியன் சித்தப்பா சொல்லிட்டாரு. வெறும் சத்தம்தான். எவ்வளவு கொள்ளும்னு பாக்கக் கம்பியை விட்டு அளந்தேன். வெளியில வாயிலருந்து காது வரைக்கும் நாலரை அடி. உள்ள மூணரை அடியிலயே கம்பி முட்டுது. ஒரு அடிக்கு எதோ அடைச்சுக் கெடக்கு. மண்ணு, குளவிக்கூடு, என்ன எழவோ. காதும் இந்த மூணு வார வெயில்ல சந்தனமும் எண்ணெயும் சேந்து இறுகிப்போச்சு. இப்பப் போய்க் கேஸ் வச்சுக் காதை எரிச்சு எடுத்துட்டு, கடப்பாரையால அந்த அடைப்பை இடிச்சுத் தள்ளணும்."

கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

சொல்லாதே என்று சொன்னதால்தான் அனுசுயா சொன்னாள். முப்பத்துநாலு வருசத்துக் கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது என்றே வைத்துக்கொள்ளலாம். கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சோலையம்மாளிடம் போய், "ஒங்க குதிரைக்குத் தாகமெல்லாம் கெடையாதாம் மதினி. உள்ள ஒரு அடிக்குக் குளவிக்கூடுதான் இருக்காம். ஒங்க தம்பி மகன் கேஸ் வச்சு எரிக்கப் போயிருக்கான்," என்றாள்.

சோலையம்மாளின் கையிலிருந்து கீரை விழுந்தது.

"ஏத்தா, என்ன வச்சு?"

"கேஸு. நெருப்பு."

"எங்க வச்சு?"

"காதுலதான்."

சோலையம்மாள் அனுசுயாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "அது குளவிக்கூடு இல்லடி. உள்ள குண்டு இருக்கு. மருந்து இருக்கு. கெட்டிச்சது கெட்டிச்சபடி இருக்கு. எங்க அய்யா சாகையில சொன்னாரு. வெளிய சொன்னா எவனாவது தோண்டுவான், சொல்லாம நனைச்சுக்கிட்டே இருன்னாரு. மூணு வாரமா ஊத்தலையேடி!"

அனுசுயாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. "சித்ரா!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தது.

மருமகள் சித்ரா போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பட்டறை இரைச்சலில் எங்கே கேட்கும்? ஸ்கூட்டியை எடுத்தாள். பின்னால் அனுசுயா ஏறினாள். அனுசுயாவுக்குப் பின்னால் இருக்கிற நாலு விரற்கடை இடத்தில் சோலையம்மாளும் ஏறினாள்.

"பெரியம்மா, மூணு பேரு ஏறுனா வண்டி தாங்காது, நீங்க இருங்க, நான் அப்புறம் வந்து…"

"ஓட்டுடி!"

எழுபத்தாறு வயதுப் பொம்பளை ஸ்கூட்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. எதிரே வந்த டவுன் பஸ்காரன் தலையை நீட்டி, "என்னங்கடி, ரேஸா?" என்று கேட்டான். அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கிருந்தாவது ஒரு சத்தம் வருமோ, வருமோ என்று காது மட்டும் திறந்திருந்தது. மடை தாண்டியது, ரேசன் கடை தாண்டியது. சத்தம் வரவில்லை.

பட்டறையில் ஆதித்தன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். கையில் நீலமாய்த் தீ. பீரங்கியின் காதைச் சுற்றி இரும்பு சிவந்து கிடந்தது. உருகின எண்ணெயும் சந்தனமும் கருகிப் புகைந்தன. காதுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஒரு காற்று வந்துகொண்டிருந்தது. வாய்ப்பக்கத்தில் கடப்பாரையோடு வீரபாண்டியன், மோதிரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சோலையம்மாள் ஸ்கூட்டி நிற்பதற்குள்ளேயே இறங்கி, கொஞ்சம் தடுமாறி, பழுக்கக் காய்ச்சின இரும்பை முக்கி எடுக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் வாளியை முக்கித் தூக்கி, ஆதித்தன், தீ, பீரங்கி எல்லாவற்றின் மேலும் ஒன்றாக ஊற்றினாள். ஆவி குபீரென்று கிளம்பிக் கொட்டகையே தெரியாமல் போனது.

"அத்தே! கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்று கத்தினான் ஆதித்தன்.

அவள் இரண்டாவது வாளியை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வண்டிக்கு நுகத்தடி அளவு பார்க்க வந்திருந்த சத்தியமூர்த்தி, பின்பக்கம் வார் தைத்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு ஓடி வந்தார். அனுசுயாதான் திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் கம்பியை எடுத்து வெளியே வைத்துப் பார்த்தார், உள்ளே விட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஆதித்தா, கேஸை மூடு. வீரபாண்டியண்ணே, அந்தக் கடப்பாரையக் கீழ போடாதீக, மெதுவா வைங்க. எல்லாரும் வெளிய. ஓட வேணாம், நடங்க."

வீரபாண்டியன் கடப்பாரையைக் கைக்குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினார்.

சாயங்காலம் போலீஸ் வந்தது. மறுநாள் காலையில் வெடிகுண்டு எடுக்கிறவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். ஊர் முழுவதையும் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மெத்தையைச் சுற்றிக்கொண்டது போல உடுப்புப் போட்ட ஒருவர் தனியாகக் கொட்டகைக்குள் போனார். கரைக்கு அங்குட்டு இருநூறு பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சோலையம்மாள் ஒரு கருவேல மரத்தடியில் தனியாக இருந்தாள். அனுசுயா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிரிச்சு விட்டுட்டுப் போனீகளே, அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

"சொல்லியிருந்தா நான் அழுதிருக்கமாட்டேன்ல?"

"நீ வாயை வச்சுக்கிட்டு இருந்திருக்கமாட்ட. நேத்துக் கூட அவன் சொல்லாதன்னதை நீ வந்து சொன்ன," என்றாள் சோலையம்மாள்.

அனுசுயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மத்தியானம் தாண்டி அந்த மெத்தை உடுப்புக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். சின்ன வயசுதான், ஆதித்தனை விட இளையவராக இருப்பார். ஊரைக் கூப்பிட்டார்கள். ஒரு தட்டில் மூன்று பொருள் வைத்திருந்தார்: மக்கிப்போன கந்தல் துணிச் சுருள் ஒன்று, சாத்துக்குடி அளவில் துருவேறிய இரும்புக் குண்டு ஒன்று, கறுப்புக் களி மாதிரி ஒரு கை அளவு மருந்து. அந்தக் களியில் ஒரு துளியை முன்னமே காயவைத்திருந்தார். அதை ஒரு டப்பா மூடியில் போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, நீளக் குச்சியால் நெருப்பு வைத்தார். பக்கென்று பிடிக்கவில்லை. கொசுவத்தி மாதிரி ஓரத்தில் கனிந்தது, அழுகின முட்டை நாற்றம் ஒன்று வந்தது, அணைந்துபோனது.

"இதுல யாரு தண்ணி ஊத்துனது?" என்று கேட்டார்.

இருநூறு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். தன்னைப் பிடித்துக்கொண்டு போகத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள் சோலையம்மாள். ஆனாலும் முன்னால் வந்தாள்.

"நான்தான். எங்க அய்யா ஊத்தச் சொன்னாரு."

"எத்தனை வருசமா?"

"அறுபத்திரண்டு. எனக்கு முன்னால எங்க அய்யா. அவருக்கு முன்னால அவுக அய்யா."

"தண்ணி எப்படி வரும்?"

"நான் ஊத்த ஆரம்பிச்சப்போ காதுல கறுப்பா வரும். நாக்குல வச்சா உப்புக் கரிக்கும், ஜில்லுன்னு இருக்கும். ஆடெல்லாம் வந்து மேடைக்கல்லை நக்கும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா வெளுத்துச்சு. இவன் பொறந்த வருசத்துலதான்," ஆதித்தனைக் காட்டினாள், "தெளிஞ்ச தண்ணியா வந்துச்சு. தெளிஞ்சாலும் விடாதன்னு அய்யா சொல்லியிருந்தாரு. விடலை."

அவர் தட்டை அவள் பக்கம் நீட்டிக் காட்டினார். "மருந்துல பாதிக்கு மேல வெடியுப்புதாம்மா. அதுதான் வேகம் குடுக்கிறது. குண்டு இறுக்கி அடைச்சிருந்ததால உடனே கரையலை. நீங்க விடாம ஊத்தி ஊத்தி, அவ்வளவும் கரைஞ்சு காது வழியாவே வெளிய வந்திருச்சு. இது இப்ப வெறும் கரியும் கந்தகமும்தான். மருந்தை வெறுமனே நனைச்சு மட்டும் இருந்தா, இந்த மூணு வார வெயிலுக்குக் காஞ்சு பழையபடி ஆயிருக்கும். நேத்து இவரு கேஸ் வச்சாரே…" என்று ஆரம்பித்தவர், அனுசுயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப உள்ள ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள் சோலையம்மாள்.

"ஒண்ணும் இல்லம்மா. காலி."

"இனி ஊத்த வேணாமா?"

"வேணாம்மா."

சோலையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆதித்தன் ஓடி வந்து தூக்கப் போனான். "விடுடா, நல்லாத்தான் இருக்கேன். சும்மா உக்காந்தேன்," என்றாள். அவன் விடவில்லை. அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான். முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை, ஊர் பார்க்க.

அடுத்து வாயைத் திறந்தது வீரபாண்டியன்தான். "அந்தக் கடப்பாரைய நான் ஒரு போடு போட்டுட்டேன் தெரியுமா? நீங்க வர்றதுக்கு முன்னால," என்றார். அவர் பெண்டாட்டி அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அனுசுயா விடியலில் முழித்துக்கொண்டாள். குடம் தட்டுப்படுகிற சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். சோலையம்மாள் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மணி எட்டு வரைக்கும் எழுப்பவேண்டாம் என்று சித்ராவிடம் சொல்லிவிட்டு, அனுசுயா சத்தம் காட்டாமல் கதவைச் சாத்தினாள்.

அதிகாரிகள் குண்டை எடுத்துக்கொண்டு, பீரங்கியைப் போட்டோ எடுத்து எழுதிக்கொண்டு, காலி இரும்புதான் என்று விட்டுப் போனார்கள். புரவி எடுப்பு சொன்ன நாளில் நடந்தது. மண்குதிரை ஆறும் தோளில் வந்தன. அதற்குப் பின்னால் சத்தியமூர்த்தியின் ஆறு குதிரைகள், இரண்டு இரண்டாக. மூன்று இடப்பக்கக் குதிரைகளின் மேல் மட்டும் ஆள். கொட்டுச் சத்தத்துக்குப் பழகின கல்யாணக் குதிரைகள், மிரளவில்லை. பீரங்கிக்கு முன்னால் மருந்துப் பெட்டி வைக்கிற சின்ன வண்டி ஒன்றையும் சத்தியமூர்த்தி சேர்த்துக் கட்டச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் பீரங்கிக்காரர்கள் அதன் மேல் உட்கார்ந்துதான் போவார்களாம். அதில் சோலையம்மாளை ஏற்றி உட்கார வைத்தார்கள். புதுச் சேலை, தலையில் பூ.

"சாரட்டுல பொண்ணு மட்டும் வருது! மதினி, மாப்பிள்ளை எங்க?" என்று குலவைக்கு நடுவில் ஒருத்தி கத்தினாள்.

"பின்னால வாராரு பாரு, இரும்பு உடம்பு," என்றாள் சோலையம்மாள். "இப்பத்தான் வாயைத் திறந்து எல்லாத்தையும் கக்கிட்டாரு."

கண்மாய்க் கரையில் சத்தம் கொடுக்கவில்லை. வீரபாண்டியன் ஒரு சரவெடி கூட வைக்க விடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஊரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு வேன் போனது. சோலையம்மாள் முதல் ஆளாக ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் வேன் திரும்பி வந்தது, அவள் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை சித்ரா போன் போட்டபோது, "இங்க எவ்வளவு தண்ணி தெரியுமாடி, ஊத்த ஆளே வேணாம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இன்றைக்குப் பதினோரு நாள். சோலையம்மாள் ராமேஸ்வரத்தில், கடலைப் பார்த்த ஒரு சத்திரத்து அறையில் இருக்கிறாள்.